கருத்தக்கண்ணனின் ரத்தம் வளர்கிறது

1

இந்தக் கதை 2008-இல் தேனியில், ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது எனக்குக் கிடைத்தது. கால்விரல்கள் கறுத்துப்போன பக்கத்துக் கட்டில்காரர், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே வரியைச் சொன்னார்: "எம் ரத்தம் பெங்களூர்ல வளருது." மற்றதெல்லாம் நான் கட்டியது. குறை இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

2

ரத்தக்குழாய்களின் முன்னோடிச் செல்கள் என்பவை

(அடித்துவிட்டேன். நீங்கள் கொட்டாவி விடுவது தெரிந்தது.)

ஜோதிலட்சுமி பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. புது ரத்தக்குழாயாக வளரக்கூடிய செல்கள் எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் உண்டு. சர்க்கரை நோயாளிகளிடம் அவை ஏன் சோம்பிக் கிடக்கின்றன, அவற்றில் எந்த மரபணு வேலை செய்கிறது, எது வாய்மூடி இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. சர்க்கரை நோயாளியான அப்பா கருத்தக்கண்ணனை வரவழைத்து அவர் ரத்தத்தையும் எடுத்தாள். ஆய்வுக்குத்தான் என்று சொல்லித்தான் எடுத்தாள்.

3

அவர் சுருளிப்பட்டியில் திராட்சை போடுகிறவர். வெட்டிக் கொடுத்த குச்சி நர்சரியில் வேர்பிடித்துத் தோட்டத்துக்கே திரும்பி வரும். ரத்தத்தையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்: வளர்ந்து திரும்பி வந்து காலைக் குணமாக்கிவிடும்.

"அங்கன வளருதா ஆத்தா?" என்று போனில் கேட்டார்.

"நல்லா வளருதுப்பா."

அன்றைக்கு அது பொய்யில்லை. ஆனால் மரபணு பேசுவதைக் கேட்க வேண்டுமானால் செல்லை உடைத்தாக வேண்டும். மறுவாரம் எல்லாவற்றையும் உடைத்தாள்.

4

(இவ்வளவு படித்தவளுக்கு அப்பாவின் நினைப்பு புரியாமலா இருந்திருக்கும்? புரிந்திருக்கும். அவ்வளவு ஆசையாகக் கேட்டவரிடம் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.)

பிறகு ஒருநாள் அம்மா பஞ்சம்மாள் போனில் அழைத்தாள்.

"டாக்டரு விரல எடுக்கணும்னு அப்பவே சொன்னாக. மக கொண்டாருவான்னு உங்கப்பா கையெழுத்துப் போட மாட்டேங்குறாக. இப்பக் கணுக்கால் வரைக்கும் கறுத்துப்போச்சு."

5

முடிவு ஒன்று: அவருடைய செல்கள் விழித்துக்கொண்டு, கால் மெல்ல

(கிழித்தேன். அப்படி ஒரு மருந்து அவளிடம் இல்லை. நப்பாசைக்கு நான் துணைபோக மாட்டேன்.)

முடிவு இரண்டு: அவள் பஸ்ஸில் வரும்போதே

(இதை எழுத மனசு வரவில்லை.)

ஆகவே அவளைக் கட்டிலருகே கொண்டுவந்து உட்காரவைத்தேன். இன்றைக்கென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்தால் போதும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மற்ற கட்டில்காரர்களும் அவளையே பார்த்தார்கள்.

"கொண்டாந்துட்டியா ஆத்தா?"

"அப்பா, அது வந்து…"

"இருக்கட்டும். களைச்சு வந்துருக்க. மொதல்ல சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அதற்குமேல் அவளைப் பேசவைக்க என்னால் முடியவில்லை. உங்களிடம் விடுகிறேன். அவரிடம் எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.