நீலப் பூட்டு

டர்பைனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெருங்குழாய்க்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் மதகின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை தண்ணீர் வராது. அந்த ஆற்றின் நான்கு சிறு நீர்மின் நிலையங்களிலும் இதுதான் சட்டம்.

காலையில் இறங்கியவர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு இடத்தில் வேலை. வேலை முடிந்து வெல்டர் தன் பூட்டை எடுத்தார். பெயின்டரும் எடுத்தார். ஃபிட்டரின் நீலப் பூட்டு மட்டும் தொங்கியது.

மறுபடியும் மறந்துவிட்டான் என்று சிரித்தார்கள். அவன் அதற்குப் பேர்போனவன். போன மாதம் சாவி அவனோடு பைக்கில் அடுத்த நிலையத்துக்கே போய்விட்டது. அவன் புண்ணியத்தில் வாங்கிய பூட்டு வெட்டும் கத்தரி ஆபரேட்டரின் மேசைக்கடியில் கிடந்தது. ஆபரேட்டர் அவன் அக்காள் கணவர்.

போன் செய்தார்கள். அது அவனுடைய லாக்கருக்குள்ளேயே அடித்தது. டீக்குப் போகிற அவசரத்தில் அதையும் மறந்திருக்கிறான் என்றார் வெல்டர். மேலே அணையில் தண்ணீர் வழியப் போகிறது, வெட்டித் திறங்கள் என்று என்ஜினீயர் இரண்டு முறை அழைத்துவிட்டார்.

மைத்துனனைத் திட்டியபடியே கத்தரியைப் பூட்டில் வைத்த ஆபரேட்டரின் கண், ஜன்னலில் இருந்த அவனுடைய பிளாஸ்க்கில் பட்டது. எடுத்துப் பார்த்தார். கனத்தது.

"டீயை விட்டுட்டு அவன் எங்கயும் போகமாட்டான்" என்றார்.

நீலப் பூட்டின் பக்கத்தில் தன் பூட்டைப் போட்டுவிட்டு, டார்ச்சோடு குழாய்க்குள் இறங்கினார்.

இரண்டாவது வளைவில் கால் பிசகி உட்கார்ந்திருந்தான் ஃபிட்டர். வழுக்கி விழுந்ததில் விளக்கு உடைந்திருந்தது. ஸ்பேனரால் குழாயைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்திருந்தது. பக்கத்து இயந்திரத்தின் இரைச்சலில் அது யார் காதுக்கும் எட்டவில்லை.

"மாமா, பூட்டை வெட்டிட்டீங்களா?"

"வெட்டியிருந்தா இதைக் கேக்க நீ இருப்பியா?"

ஆபரேட்டருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. அக்காளிடம் சொல்ல வேண்டாம் என்று வழிநெடுகக் கெஞ்சியவனை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். பெயின்டர் கட்டுப்போட, வெல்டர் தானே டீ ஊற்றிக் கொடுத்தார். என்ஜினீயர் மறுபடி அழைத்தபோது, நடந்ததைச் சொல்லி, அவன் குடித்து முடித்ததும் திறப்பதாக ஆபரேட்டர் சொன்னார். அவரும் பெருமூச்சு விட்டு, மெதுவாகவே குடிக்கட்டும் என்றார்.

ஆபரேட்டர் தன் பூட்டைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவி?"

ஃபிட்டர் சட்டைப்பையைத் தடவினான். பிறகு கால்சட்டையை. பிறகு குழாயின் வாயைப் பார்த்தான்.

எல்லோரையும் கண்ணெதிரே வைத்து, தலைகளை எண்ணிக்கொண்டு, கத்தரியை எடுத்தார் ஆபரேட்டர். இந்த முறை திட்டவில்லை.