கப்சிப் போட்ட சத்தம்

படப்பிடிப்புக் குழுவில் அவரைக் கப்சிப் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, நடிக்கிறவர்களின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. லேசாக மூச்சு விட்டாலும் மைக் பிடித்துவிடும். தும்மல் வந்தால் விழுங்கிவிடுவார். பாதி ஆயுசு இப்படியே போனதில், மனுஷனுக்குச் சத்தமாகப் பேசுவதே மறந்துபோயிற்று. வீட்டில் பால் பொங்கினால்கூடச் சம்சாரத்தின் காதோடு காதாகத்தான் வந்து சொல்வார்.

அந்தச் சம்சாரமோ நேர் எதிர். கதாநாயகிகளுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவள். சண்டைக் காட்சி ஆட்களே அவளிடம் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கே குதித்தாலும் கீழே கம்போடு தன் வீட்டுக்காரர் நிற்க வேண்டும் அவளுக்கு. மேலேயிருந்து அந்த மைக்கைத் தேடிப் பார்ப்பாள், பிறகுதான் குதிப்பாள்.

அடுத்த வாரம் மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்க வேண்டும். இந்தச் சமயம் பார்த்துக் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. பாதுகாப்புப் பயிற்சியில் தேறியவர்களுக்குத்தான் அன்றைக்கு உள்ளே அனுமதியாம்.

ஏணி, மின்சாரம், தீயணைப்பு எல்லாவற்றிலும் கப்சிப் தேறிவிட்டார். கடைசிப் பாடம்தான் வினை. ஆபத்து என்று பட்டால் யாராக இருந்தாலும் 'நிறுத்து' என்று கத்த வேண்டும். டைரக்டர் 'கட்' சொல்லும்வரை வாயைத் திறக்காத கூட்டத்திடம் இதைச் சொன்னால் எடுபடுமா? பயிற்சி கொடுக்க வந்த மேடம் மயங்கி விழுவதுபோல விழுந்து காட்டினாள். ஒருத்தரும் கத்தவில்லை. கேமராக்காரர் அவள் முகத்துக்கு ஃபோகஸை மாற்றினார். மேக்கப் அக்கா ஓடிப்போய் நெற்றி வியர்வையை ஒற்றினாள்.

"எந்திரிச்சிடாதீங்க மேடம், நல்லா வருது," என்றார் லைட்காரர்.

மேடம் தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கத்த வைத்தாள். கப்சிப்பின் முறை வந்தது. உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"சார், இது கத்துறதா, ரகசியம் சொல்றதா? நாளைக்கு இன்னொரு வாய்ப்பு தர்றேன். அதுலயும் வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று சாயங்காலம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கத்திப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"ஏங்க, குளிக்கிறீங்களா, அழுறீங்களா?" என்று கதவுக்கு வெளியே குரல்.

"பழகுறேன்."

"நல்லா பழகுங்க. நீங்க கீழ இல்லாம நான் குதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

பாவம், அதற்குப் பிறகு அவருக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் ஒத்திகை. இடுப்பளவு மேடை, கீழே தடித்த மெத்தை, மேடைமேல் அவர் சம்சாரம். மேடம் அவள் இடுப்புப் பட்டையில் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட்டு விலகினாள். கப்சிப் காதில் ஹெட்போனோடு கம்பைத் தூக்கிப் பிடித்தார். கொக்கி பூட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எத்தனையோ முறை கேட்ட சத்தம் அது. இன்றைக்குக் கேட்கவில்லை. அவளோ கையை விரித்துக் குதிக்கப் போகிறாள்.

பயிற்சி, பரீட்சை, சொல்ல வேண்டிய வார்த்தை எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"சுண்டெலீ!"

கூரை அதிர்ந்தது. ஒலிப்பதிவாளர் தன் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். மின்விசிறிக்காரர் விசிறியை அணைத்தார். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது. மேக்கப் அக்கா மட்டும் நாற்காலிமேல் ஏறிவிட்டாள். மேடையில் அவர் சம்சாரத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வீட்டில், அதுவும் கதவைச் சாத்திய பிறகு மட்டுமே அவர் கூப்பிடுகிற செல்லப் பெயர் அது.

"ஏங்க, பின்னாடி இன்னொரு கயிறு இருக்கு பாருங்க," என்று பல்லைக் கடித்தாள். "நீங்க தேறணும்னுதான் மேடமும் நானும் சேர்ந்து இந்தக் கொக்கியைப் பூட்டாம விட்டோம். அதுக்குன்னு ஊரைக் கூட்டி இந்தப் பேரையா சொல்றது?"

"டக்குனு சத்தம் வரலை," என்றார் கப்சிப், பழையபடி கிசுகிசுப்பாக.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "சொல்ல வேண்டிய வார்த்தை அது இல்ல சார். ஆனா எல்லாம் நின்னுடுச்சே. தேறிட்டீங்க."

குதிக்கிற நாள் வந்தது. அவள் உச்சியில் ஏறி நின்றாள். டைரக்டர் ஆரம்பிக்க வாயெடுத்த நேரம், காற்று மெத்தையின் ஓரத்தில் யாரோ மறந்து விட்டுப்போன ஏணி லைட்காரரின் கண்ணில் பட்டது. அவர் யோசிக்கவே இல்லை.

"சுண்டெலி!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

மொத்தக் குழுவும் அப்படியே நின்றது. ஓடிப்போய் ஏணியை அகற்றினார்கள். கப்சிப் பயந்துகொண்டே மேலே பார்த்தார். வீட்டுக்குப் போனால் இருக்கிறது கச்சேரி என்று நினைத்தார். ஆனால் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று மாடி தாண்டி அந்தச் சிரிப்பு ஹெட்போனில் வந்து விழுந்தது. அவர் மைக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டாள், பிறகு குதித்தாள்.