பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியாத மெத்தை

டெஸ் ஒரு பொருளை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் அந்தப் பொருளுக்கு நல்ல காலம், அவர் மனைவி நோலீனுக்குக் கெட்ட காலம். ரொட்டி வாட்டும் மிஷின் வாங்க அவர் ஆராய்ச்சி செய்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க வாட்டாத ரொட்டி தின்றார்கள். புல் வெட்டும் மிஷின் விஷயத்தில், நல்லது எது என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் முன்வாசல் புல்லில் பக்கத்து வீட்டு நாய் ஒரு மத்தியானம் தொலைந்துபோனது. இப்போது மெத்தை. ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் போல்ட் முடுக்கி ஓய்வு பெற்ற மனிதர், உலகத்தில் உள்ள மெத்தைகளையெல்லாம் கரைத்துக் குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் நோலீனின் முதுகு. நோலீனின் முதுகில் ஒன்றுமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

போன வசந்தத்தில் பெண்டிகோ ஊரில், புல்லில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில், ஆட்டம் நடுவில், டெஸ் புல்தரையில் மெல்ல உட்கார்ந்தார். பந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்கத்தான் உட்கார்ந்தார் என்று நினைத்து எதிர் அணிக்காரர்கள் அவரோடு சண்டைக்குப் போனார்கள். பிறகுதான் ஆம்புலன்ஸ். இதயக் குழாயில் சின்னதாக ஒரு கம்பி வலை வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவரை எல்லோரும் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "மோசமில்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த ஊரில் மனிதர்கள் கை முறிந்தாலும் மோசமில்லை, வீடு எரிந்தாலும் மோசமில்லை. நோலீனும் அதே ஊர்க்காரிதான். பயமாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதில் டீ போடவா என்று கேட்டாள்.

ஆனால் அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. வீட்டிலிருந்த பழைய ஸ்பிரிங் மெத்தையின் நடுவில் ஒரு பெரிய பள்ளம். எந்த ஓரத்தில் படுத்தாலும் விடிவதற்குள் இருவரும் அதில் உருண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர் இருமினால் அவளும் குலுங்குவாள். அவர் புரண்டால் அவளும் புரண்டாக வேண்டும். புரள்கிறார் என்றால் இருக்கிறார். அந்த நிம்மதியில் கொஞ்சம் கண்ணயர்வாள், மறுபடி விழித்துக்கொள்வாள். பகலில் கண் சிவந்து கிடப்பதைப் பார்த்து டெஸ் கேட்டபோது, வாயில் வந்தது "முதுகு வலி". அவ்வளவுதான், மெத்தைதான் குற்றவாளி என்று டெஸ் தீர்ப்பு எழுதிவிட்டார்.

காலைச் சாப்பாடு பாடசாலையாக மாறியது.

"முழுக்க லேட்டக்ஸ் ரப்பர் மெத்தை வாங்குறவனுக்குப் பணத்தை என்ன பண்றதுன்னு தெரியல. வெறும் ஸ்பிரிங் வாங்குறவனுக்கு முதுகை என்ன பண்றதுன்னு தெரியல" என்றார் டெஸ், ரொட்டியை ஆட்டியபடி. "ரெண்டும் கலந்ததுதான் ஹைபிரிட். மேல ரப்பர் பால்ல செஞ்ச மெத்தான அடுக்கு. கீழ ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பைக்குள்ள. ஒண்ணு அமுங்கினா பக்கத்துல இருக்கறதுக்குச் சேதியே போகாது. பக்கத்துல ஆள் புரண்டா தெரியவே தெரியாது, நோல்."

"தெரியவே தெரியாதா?"

"ஒரு பொம்பளை எழுதியிருக்கா. அவ புருஷன் எழுந்து குளிச்சு வேலைக்குப் போனதுகூட அவளுக்குத் தெரியலையாம். அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கா."

"மெத்தைக்கா, புருஷனுக்கா?"

டெஸ் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரு வாரம் படுத்துவிட்டு ஒரு காவியம் எழுதும் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவருடைய கணினியைப் பார்த்தபோதுதான் நோலீனுக்குத் தெரிந்தது. ஒருவருக்கு அந்த மெத்தை முதுகைக் குணமாக்கியது, ஒருவருக்குக் கல்யாணத்தையே காப்பாற்றியது. அதே மெத்தையில் படுத்த மூன்றாமவர், செங்கல் சூளையில் படுத்தது போல இருந்தது என்று ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். நியாயமான விலையில் தம்பதிகளுக்குச் சிறந்தது எது என்று பத்து தளங்கள் பட்டியல் போட்டிருந்தன. பத்திலும் முதலிடத்தில் வெவ்வேறு மெத்தை. எந்த மெத்தை வாங்கினாலும் தங்களுக்குக் கமிஷன் வரும் என்று பத்தும் அடியில் பொடி எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தன. அந்த ஒரு வரியில் மட்டும் உண்மை இருந்தது.

ஜூன் கடைசியில் கடைக்குப் போனார்கள். அரசாங்கத்தின் வரி வருஷம் முடிகிறது என்பதற்காக ஒரு பென்ஷன்காரர் ஏன் மெத்தை மாற்ற வேண்டும் என்று அந்த நாட்டில் ஒருவரும் கேட்பதில்லை. வருஷா வருஷம் அந்த வாரத்தில் தள்ளுபடி, எனவே ஜனம் போகிறது. நெடுஞ்சாலையில், டயர் கடைக்கும் மீன்தொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. "கடையை மூடுகிறோம், கடைசி விற்பனை" என்ற பலகை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. உள்ளே நின்ற விற்பனைக்காரன் லாக்லன் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பிருந்தே அந்தக் கடை மூடிக்கொண்டிருக்கிறது.

"நீங்க பொதுவா எப்படித் தூங்குவீங்க, தலைவரே?" என்றான் லாக்லன், வாயெல்லாம் பல்லாக.

"படுத்து" என்றார் டெஸ்.

பத்து நிமிஷத்தில் லாக்லனுக்கே தெரியாத விஷயங்களை டெஸ் அவனிடம் கேட்டு முடித்தார். ரப்பர் நிஜமாகவே மரத்துப் பாலா, பாதி ரசாயனமா. அந்த அடுக்கு எத்தனை விரல் தடிமன். ஓரத்தில் உட்கார்ந்தால் சரியுமா. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எடுத்துப்போகும் வண்டிக்கு யார் பணம். கடைசியில், இருப்பதிலேயே அகலமான கிங் சைஸ் மெத்தை ஒன்றின் முன்னால் நின்றார். நாலாயிரம் என்று எழுதி, அதைச் சிவப்பில் அடித்து, ஆயிரத்து எண்ணூறு என்று போட்டிருந்தார்கள். நாலாயிரத்துக்கு அதை வாங்கிய பிரகஸ்பதி யார் என்று நோலீன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, லாக்லன் சிவப்புத் தண்ணீர் ஊற்றிய ஒயின் கிளாஸை மெத்தையின் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு மறுபக்கத்தில் முழங்காலால் குதித்தான். கிளாஸ் அசையவில்லை.

"பார்த்தீங்களா? அந்தப் பக்கம் ஒரு கால்பந்து டீமே குதிச்சாலும் உங்களுக்குத் தெரியாது, நோலீன்."

"என் கட்டில்ல கால்பந்து டீம் குதிச்சா எனக்குத் தெரியறது நல்லது, தம்பி."

"இவர் பக்கத்துல இருக்கார்ங்கறதையே மறந்துடுவீங்க."

டெஸ் பெருமையோடு அவளைப் பார்த்தார். எல்லாமே அவளுக்காக. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர், அவள் முதுகுக்காக ஆயிரத்து எண்ணூறு டாலர் எடுத்து வைக்கத் தயாராக நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்து முதுகு பொய் என்று எப்படிச் சொல்வது? நோலீன் கைப்பையை அணைத்துக்கொண்டு ஏறிப் படுத்தாள்.

"வீட்ல படுக்கற மாதிரியே படுக்கணும். கால் மணி நேரமாவது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் டெஸ், மறுபக்கம் படுத்து.

அவள் வழக்கம்போல அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் படுத்தாள். சுவரில் ஒரு படத்தில், உதட்டுச் சாயம் கலையாமல் ஒருத்தி சிரித்துக்கொண்டே தூங்கினாள். மெத்தை சுகமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், இடுப்பைத் தாங்கிப் பிடித்தது, தோளுக்கு வழிவிட்டது. டெஸ் வாங்கிய பொருள் எதுவும் சோடை போனதில்லை.

பழக்கதோஷத்தில் அவள் காது கொடுத்தாள். மெத்தை ஒரு சேதியும் சொல்லவில்லை. கடையில் ஓடிய பாட்டு மட்டும் கேட்டது. உள்ளங்கையை மெத்தையில் அழுத்தி வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"டெஸ்."

பதில் இல்லை. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். கிங் சைஸ் ஆயிற்றே, கைக்கு வெறும் மெத்தைதான் அகப்பட்டது. புல்தரையில் மெல்ல உட்கார்ந்த அந்த உருவம் கண்முன் வந்தது. கைப்பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போக, அந்த மெத்தை மைதானத்தை முழங்காலால் கடந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

டெஸ் கண்ணைத் திறந்தார். "என்ன, கால் மணி ஆயிடுச்சா?"

தூங்கியிருக்கிறார். லாக்லனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "படுத்த ரெண்டாவது நிமிஷம் தூங்கிட்டார். இதைவிட என்ன வேணும்?"

"இதேதான். பில் எழுதிடு" என்றார் டெஸ், ஷூவைத் தேடியபடி.

"வேண்டாம்" என்றாள் நோலீன்.

"என்ன வேண்டாம்? இதைவிட நல்லது வேணும்னா ரெண்டு மடங்கு விலை. இதைவிட மலிவா வேணும்னா ரப்பரே இருக்காது, வெறும் நுரைதான். நான் எல்லாம் பார்த்துட்டேன், நோல். உன் முதுகுக்கு…"

"என் முதுகுல ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல." அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "ராத்திரியெல்லாம் நீ மூச்சு விடறியான்னு பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன். பழைய மெத்தைல நீ திரும்பினா எனக்குத் தெரியும். இதுல நீ செத்தாக்கூடக் காலைல உன் டீ ஆறினதுக்கப்புறம்தான் தெரியும். எனக்குப் பயமா இருக்கு, டெஸ்."

லாக்லன் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கட்டில் பலகையைத் துடைக்க ஆரம்பித்தான். டெஸ்ஸின் காது சிவந்தது. ஒரு ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு, மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தார். ஓரம் சரியவில்லை. அவர் ஆராய்ச்சி அதிலும் சரிதான்.

"நான் மோசமில்லாமத்தான் இருக்கேன்" என்றார் கடைசியில்.

"தெரியும். அது எனக்கு ராத்திரியில தெரியணும்."

அவர் அவள் கையைப் பிடிப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் விலைச்சீட்டைப் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பி நெடுநேரம் படித்தார். பிறகு லாக்லன் பக்கம் திரும்பினார்.

"இதே மெத்தைதான். இதுக்குக் கீழ என்ன சைஸ்?"

"குயின் இருக்கு, தலைவரே."

"அதுக்கும் கீழ?"

"டபுள். ஆனா அது விருந்தாளி ரூமுக்குப் போடறது." லாக்லனுக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "வளர்ந்த ரெண்டு பேர் அதுல படுத்தா ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் விலாவுல இடிக்கும். ஒருத்தர் திரும்பினா இன்னொருத்தரும் திரும்பித்தான் ஆகணும்."

"அதைத்தான் கேக்கறேன்" என்றார் டெஸ். "விலையைச் சொல்லு."