மூன்றாவது கேள்வி

வக்கீல் பக்தவச்சலத்துக்கு இருந்த ஒரே சொத்து அவருடைய குரல். சட்டம் சுமார், ஆங்கிலம் அதைவிடச் சுமார். ஆனால் செங்கல்பட்டு கோர்ட்டில் அவர் ‘யுவர் ஆனர்’ என்று ஆரம்பித்தால் ஜங்ஷனில் டீ குடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று சக வக்கீல்கள் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். மதுராந்தகத்து ஏரித் தண்ணீர்த் தகராறு, வரப்புச் சண்டை, இவைதான் அவர் பார்த்த போர்க்களங்கள். ஒருமுறை குருக்ஷேத்திரம் வரைக்கும் போய்ப் பேசி, கட்சிக்காரருக்கு மிச்சமிருந்த வரப்பையும் கோட்டை விட்டார்.

எமர்ஜென்சி முடிந்து எலெக்‌ஷன் நடந்த வருஷம் அது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து ஆதியம்மாள் என்ற மீன்காரி அவர் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய தம்பி துரை ஜெயிலில் இருந்தான். அதே குப்பத்துப் பெண் சொர்ணம், லாட்ஜ் ஒன்றில் ரூம் பெருக்குகிறவள், பொழுது சாய்கிற நேரத்தில் சவுக்குத் தோப்பு வழியாக வீடு திரும்பும்போது ஒருவன் மறித்துக் கெடுத்துவிட்டான். போலீஸ் துரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு வலைத் தகராறு ஏற்கெனவே இருந்தது.

“என் தம்பி அந்நேரத்துக்கு கடலாண்ட வலை பிரிச்சிகினு இருந்தான் சார். மீனத் தவிர எதையும் அடிக்கத் தெரியாது அவனுக்கு.”

“என்னைப் பற்றி உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டார் பக்தவச்சலம், புகழ் கடற்கரைவரை பரவிவிட்டதோ என்ற ஆசையில்.

“யாரும் சொல்லல. ரெண்டு வக்கீலு மாட்டேன்னுட்டாங்க. ரோட்ல போய்கினு இருந்தேன், உன் சத்தம் கேட்டுச்சி. உள்ள வந்தேன்.”

அது போதும் என்று அவர் கேஸை எடுத்துக்கொண்டார். செஷன்ஸ் கேஸ்! வரப்பிலேயே நடந்த காலுக்கு ராஜபாட்டை கிடைத்தது மாதிரி இருந்தது.

ஜெயிலில் துரையைப் போய்ப் பார்த்தார். அவன் இரண்டே விஷயம் சொன்னான். “நான் அங்க போவவே இல்ல சார். இன்னொண்ணு, சொர்ணம் நல்ல பொண்ணு. அத்தப் பத்தித் தப்பா ஒண்ணும் பேசிடாத.”

கட்சிக்காரனுக்குச் சட்டம் என்ன தெரியும் என்று பக்தவச்சலம் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வக்கீல்கள் அறையில் ஒரு சீனியர் வெற்றிலையை மென்றபடி, “இந்த மாதிரி கேஸுக்கு ஒரே மருந்துதாம்ப்பா. பொண்ணோட நடத்தையில கை வை. அவளே சம்மதிச்சுத்தான் போனான்னு கொண்டு வந்துடு” என்று உபதேசம் செய்தார். பக்தவச்சலம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கேள்விகளை நெட்டுருப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். சம்மதம் என்ற சொல் வரும் இடத்தில் வலது கையை உயர்த்துவதா இடது கையையா என்பதற்கே அரைநாள் போயிற்று.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி சரோஜா கேட்டாள். “அந்தப் பையன் அங்க இல்லவே இல்லன்னுதானே சொல்றான்?”

“ஆமாம்.”

“இல்லாதவனுக்கு எதுக்குங்க சம்மதம்?”

பக்தவச்சலம் உயர்த்திய கையோடு நின்றார். அவள் சொன்னதில் விஷயம் இருப்பது மாதிரித்தான் பட்டது. ஆனால் வசனங்கள் அவ்வளவு அழகாக வந்திருந்தன. விட மனசு வரவில்லை. “உனக்கு கிரிமினல் லா புரியாது” என்றார். அவருக்கும் புரியாது என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

விசாரணை நாளன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. புதுப்படத்துக்கு வந்த மாதிரி ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். சொர்ணம் கூண்டில் ஏறினாள். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நடந்ததைத் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

“அந்த ஆள் யாரும்மா?” என்றார் அரசு வக்கீல்.

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். மறுபடி கேட்டதும், “அதான் டேசன்ல எழுதிகினாங்களே” என்றாள்.

அரசு வக்கீல் இதுவே போதும் என்று அவசரமாக உட்கார்ந்துவிட்டார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வேறு எந்த வக்கீலுக்கும் அந்த இடத்தில் மூக்கில் வியர்த்திருக்கும். பக்தவச்சலம் அப்போது அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். ஜன்னல் கூட்டம் அடங்கியது.

“நீ என்ன வேலை செய்கிறாய்?”

“லாட்ஜ்ல ரூம் பெருக்குறேன்.”

“இந்தத் துரையை உனக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?”

“பொறந்ததுலேருந்து தெரியும். அதனாலதான் சொல்றேன். அந்த ஆளு இவன் இல்ல.”

மூன்றாவது கேள்வி அவர் நாக்கு நுனியில் வந்து நின்றுகொண்டிருந்தது. வலது கை தானாக உயர்ந்தது. “ஆக, இத்தனை வருஷப் பழக்கத்தில், நீயே சம்மதித்துத்தான் அந்தத் தோப்புக்குப் போனாய்! விஷயம் வெளியே தெரிந்ததும் இந்த அப்பாவிமேல் பழியைப் போட்டாய்!”

ஜன்னலில் ஒருவன் சிரித்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸ்டர் பக்தவச்சலம், சாட்சி கடைசியாக என்ன சொன்னார்?”

அவருக்குத் தெரியவில்லை. குமாஸ்தா சுப்பிரமணியைப் பார்த்தார். அவன் கேஸ் கட்டை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். “என்ன... என்ன சொன்னார், யுவர் ஆனர்?” வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் முன்பெஞ்சைத் தாண்டவில்லை.

“உங்கள் கட்சிக்காரர் குற்றவாளி இல்லை என்று சொன்னார்.”

சொர்ணம் இப்போதுதான் தலையைத் தூக்கினாள். “இன்னா சார் நீ? உன் ஆள நான் கரைக்கு இஸ்துகினு வரேன். நீ என் தலையத் தண்ணில புடிச்சி அமுக்குற!”

“அத்தப் பத்திப் பேசாதன்னு சொன்னேனே சார்!” என்று கைதிக் கூண்டிலிருந்து துரை கத்தினான்.

நீதிபதி கூட்டத்தை வெளியேற்றிவிட்டுத் தாமே கேட்கத் தொடங்கினார். சொர்ணம் அழாமல் சொன்னாள். அந்த ஆள் லாட்ஜ் கான்ட்ராக்டர் மூர்த்தி. முதலிலேயே போலீஸிடம் அந்தப் பேரைத்தான் சொல்லியிருந்தாள். “பெரிய மனுசனைச் சும்மா இழுக்காத, உங்களுக்கு யாரோட தகராறுன்னு டேசன்ல கேட்டாங்க. எங்கப்பன் பயந்துகினு துரை வூட்டோடன்னு சொல்லிச்சி. அதையே எழுதிகினாங்க. நான் கைநாட்டு வெச்சேன். வேற யார்கிட்ட சொல்றது? இங்கதான் கூண்டுல ஏத்தி உண்மையச் சொல்லுன்னாங்க.”

துரை விடுதலையானான். ஆதியம்மாள் பக்தவச்சலத்துக்கு மாலை போட்டாள். அதன் கனத்தில் அவர் தலை குனிந்ததா, வேறு எதனாலா என்று அவருக்குத்தான் தெரியும்.

ஊர் வேறு கதை கட்டியது. உள்ளே நடந்ததைப் பார்க்காதவர்கள், ‘ஒரே கேள்வியில் சாட்சியை மடக்கிய வக்கீல்’ என்றார்கள். அவர் மறுத்தார். ஒரேயொரு தடவை, அதுவும் மெதுவாக. சால்வையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லார்மீதும் பெண்கள் கொடுத்த புகார். எல்லாருக்கும் அந்த ஒரு கேள்வி வேண்டும். தன் வீட்டு வாசலில் யார் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்க்கவே பக்தவச்சலத்துக்குக் கூசியது.

ஒருநாள் காலையில் மூர்த்தியே வந்தான். சொர்ணம் நேரடியாக மாஜிஸ்டிரேட்டிடம் புகார் கொடுக்கப்போகிறாள் என்று அவனுக்குச் செய்தி கிடைத்திருந்தது. “நீங்கதான் எனக்கு ஆஜராகணும். உங்களைக் கண்டாலே அந்தப் பொண்ணு நடுங்குதாமே” என்றான் சிரித்துக்கொண்டே.

பக்தவச்சலத்துக்கு நெருப்பாக ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. “எனக்கு ரத்தக்கொதிப்பு” என்பதுதான் வந்தது.

“அதுக்கென்ன, கேஸ் வர்றதுக்குள்ள சரியாப்பூடும்.”

“சரியாகாது. உன்னைப் பார்த்ததும் வந்தது. எழுந்து போ.”

மூர்த்தி போன பிறகு பக்தவச்சலம் வாசல் கதவைத் தாழிட்டார். சரோஜா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனார். சொர்ணம் மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “உன் கேஸை நானே நடத்துகிறேன்” என்றார், வரம் கொடுக்க வந்த சாமி மாதிரி.

“நீ வேணாம் சார்.”

“ஏம்மா?”

“நீ நல்லாத்தான் பேசற. சொன்னா காதுல வாங்க மாட்டன்ற.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சரியாக அவரை எந்த நீதிபதியும் எடை போட்டதில்லை. செங்கல்பட்டில் லதா என்று புதிதாக ஒரு பெண் வக்கீல் வந்திருந்தாள். அவள் பேசினால் நீதிபதி காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். பக்தவச்சலம்தான் அதில் முதல் ஆள். அவளிடம் சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

லதா அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். “எதிர்க்கட்சி வக்கீல் என்னவெல்லாம் கேட்பார்னு உங்களுக்குத்தானே தெரியும் சார். இவங்களைக் கேளுங்க.”

கேட்டார். முதல்நாள் சொர்ணம் அழுதுவிட்டாள். இவர் நிறுத்தியதும், “கேளு சார், அவன் நிறுத்துவானா?” என்றாள். ஒவ்வொரு பதிலையும் முழுசாகக் கேட்டால்தான் அடுத்த கேள்வி பிறக்கும் என்பது இத்தனை வயசில் அவருக்கு அங்கேதான் பிடிபட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது தன் வாயைத் தானே கழுவிக்கொள்ளவேண்டும் போலிருக்கும்.

மூர்த்திக்கு ஆஜரானவர் அந்த வெற்றிலைச் சீனியர்தான். அதே கேள்விகள், ஏறக்குறைய அதே வரிசை. சொர்ணம் தலையைக் குனியவில்லை. பக்தவச்சலம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மூர்த்திக்குத் தண்டனை கிடைத்தது. மெட்ராஸில் அப்பீல் போய்க் காலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். குற்றவாளி இல்லை என்று மட்டும் அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த அன்று லதா எல்லாரையும் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஓட்டலுக்கு அழைத்துப்போனாள். சொர்ணமும் ஆதியம்மாளும் ஒரு பக்கம், வக்கீல்கள் எதிர்ப்பக்கம். பக்தவச்சலம் மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்து, முன்னுரை முடிவுரையோடு தயார் செய்துகொண்டு வந்திருந்தார். தொண்டையைக் கனைத்தார்.

“சொர்ணம், அன்றைக்கு நான்...”

“தெரியும் சார்” என்றாள் அவள், பூரியைப் பிய்த்தபடி. “சாப்டு. ஆறிப்பூடும்.”

அவர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.