விட வேண்டிய கயிறு

வாயில் நிறைந்த மணலைத் துப்பிவிட்டுச் சோணை எழுந்து உட்கார்ந்தபோது, அவரை இழுத்துப்போன ராட்சதப் பட்டம் முப்பதடி தள்ளிக் கரையில் கிடந்தது. முழங்கை தோலுரிந்து எரிந்தது. இன்னும் ஆறடி போயிருந்தால் நாட்டுப்படகின் நங்கூரத்தில் மண்டை மோதியிருக்கும். பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் விஷ்வா ஓடிவந்தான். கையில் செல்போன். அதுவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“அந்தக் கைப்பிடிக் கம்பியை, பாரை விட்டிருக்கணும்ணே. யாராச்சும் இழுத்துப் பிடிப்பாங்களா? விட்டா அதுவா அடங்கிரும்.”

“இதை எப்பத் தம்பி சொன்னீக?”

விஷ்வா சிரித்தான். அந்தச் சிரிப்புதான் சோணைக்குச் சுருக்கென்றது.

காரைக்குடியில் இருபத்திரண்டு வருஷமாகச் சாரம் கட்டுகிறவர் அவர். ஆபத்து என்றால் கயிற்றை இறுக்கிப் பிடி, உயிரே போனாலும் விடாதே என்பதுதான் அந்தத் தொழில். கோவிலூர்ப் பக்கம் மூன்றாம் மாடியில் கம்பு நழுவியபோது, அந்தப் பிடிதான் கீழே நின்ற மூன்று பேரைக் காப்பாற்றியது. பிடிக்கப் பிடிக்க வெறிகொள்ளும் கயிறும் உலகத்தில் இருக்கிறது என்று அவருக்கு எந்தச் சாமி வந்து சொல்லும்? இங்கே வந்ததும் உடுப்பை மாட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், பத்தே நிமிஷத்தில் பட்டத்தோடு கோத்துவிட்டார்கள். தலைக்கவசம் கேட்டதற்கு, மணல்தானே அண்ணே என்றார்கள். அவருடைய சாரத்தில் ஏறவரும் சிற்றாள்கூட முதல் நாள் முழுக்கத் தரையில் நின்று முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும். வெட்கங்கெட்டவர்கள், இதற்குப் பெயர் பள்ளிக்கூடமாம்.

“அடுத்து சிந்து, வாங்க.”

விஷ்வா பாரை அவரிடமிருந்து கழற்றி, அவர் மகள் சிந்துவின் இடுப்புப் பட்டையில் மாட்டினான். மூன்று மாதமாக நச்சரித்து அப்பாவைக் கடற்கரைக்குக் கிளப்பிவந்தவள், துணைக்கு அவர் பெயரையும் பயிற்சிக்குச் சேர்த்துக் கொடுத்தவள் அவள்தான்.

“தாயி, நில்லு.”

“நீங்க பயந்துட்டீகப்பா. நான் விட்டுருவேன். இப்பத்தான் தெரிஞ்சிருச்சுல்ல?”

“தெரிஞ்சது உனக்கா, உன் கைக்கா?”

“காத்து போயிரும்ணே,” என்று விஷ்வா பட்டத்தைக் கிளப்பப் போனான்.

சோணைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நொண்டியபடியே முந்திப் போய்ப் பட்டத்தின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, கிழிஞ்சுரும்!”

“கிழியட்டும்டா. மொதல்ல தரையில வச்சு எம்மகளுக்குச் சொல்லிக்குடு. மீறிப் போறப்ப எதை விடணும், எதைத் தட்டணும்னு. அவ கண்ண மூடிக்கிட்டுப் பத்துத்தரம் செய்யட்டும். அப்பறம் எந்திரிக்கிறேன்.”

“மானம் போகுதுப்பா,” என்றாள் சிந்து. கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷ்வா அவள் பட்டையிலிருந்த சிவப்புக் குமிழைக் காட்டி ஏதோ முணுமுணுத்தான்.

“சத்தமா,” என்றார் சோணை.

அவன் சத்தமாகச் சொன்னான். முதலில் பாரை விட வேண்டும். அடங்காவிட்டால் குமிழைத் தள்ளிப் பட்டத்தைக் கழற்றிவிட வேண்டும். சிந்து அலட்சியமாகத் தலையாட்டிவிட்டுப் பாரைப் பிடித்துக் கண்ணை மூடினாள். விஷ்வா கயிறுகளைச் சேர்த்துப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தான்.

இரண்டு எட்டு தடுமாறி நின்றாள். கண்ணைத் திறந்தபோது, பார் அவள் நெஞ்சோடு இறுகியிருந்தது. விரல்கள் வெளுத்துப்போய் இன்னும் பிரியாமல் இருந்தன.