குழாய்க்குப் பதிலாக நான்

நெஞ்சைத் திறந்து தைத்த மனிதரைக் கடற்கரைக்கு விட நான் சம்மதித்ததே பெரிய விஷயம். லேசாகத் தூண்டில் வீசலாம், கனம் தூக்குவதோ இழுபறியோ கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆப்பரேஷனுக்குப் பிறகு மாத்திரைக்கே வேண்டாவெறுப்பாக வாய் திறக்கிறவர், கடல் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதனால் என் மனசு இளகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கக் கிளம்பினால் வீட்டையே காலி செய்துகொண்டு போவார். நாற்காலி, வாளி, ஐஸ் பெட்டி, குடை, இரண்டு தூண்டில் கம்பு. எல்லாவற்றையும் பிடுங்கி உள்ளே வைத்தேன். ஒரு கம்பு, சட்டைப்பையில் அடங்குகிற டப்பாவில் தூண்டில் முள்ளும் ஈயக் குண்டும், இரைக்குக் கொஞ்சம் இறால், கத்தி, தண்ணீர், இவ்வளவுதான். கம்பை மணலில் நட்டு வைக்கிற இரும்புக் குழாயையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். அதுவும் கிடையாது, நானும் கூட வருவேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

தூண்டிலை வீசியதும் அவர் களைத்துவிட்டார். கம்பை என்னிடம் தந்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். குழாய்க்குப் பதிலாக நான் நின்றேன். குழாய் இவ்வளவு முறைக்காது என்று கிண்டல் வேறு.

திடீரென்று கம்பு வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. கடலே என்னைப் பிடித்து இழுத்தது. அவர் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா பாருங்க," என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு மீனுக்குத்தான் காத்திருந்தார், எனக்குத் தெரியாதா? கம்பைக் கொடுத்தால் உயிர் போனாலும் விடமாட்டார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மீன் போகிற பக்கமே நடக்கச் சொன்னார். திரும்பிப் பார்க்க மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. கரையோரமாக நடந்துகொண்டே இருந்தோம்.

ஓர் அலை எழும்பியது. வெயில் அதை ஊடுருவியது. அம்மாடி! உள்ளே முழு மீன், எங்கள் வாசற்கதவு நீளம், வெள்ளியாக. அதன் கண்ணைக்கூடப் பார்த்தேன். நாம் கால் நனைக்கிற தண்ணீரிலா இவ்வளவு பெரிய உயிர் உலாவுகிறது?  தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்தது. அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

திட்டுவார் என்று பயந்து திரும்பினேன். கட்டிய கையை அவர் இன்னும் பிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடியது.

"நான் தொடல, பாத்தியா," என்றார். "இன்னும் ரொம்ப நாள் இருக்கணும் போல இருக்குடி."