சுந்தரம்மாள் பார்த்த டி.வி.

சுந்தரம்மாளின் கண்ணுக்குப் போடி ஏலக்காய் பஜாரில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் விலை. அவள் பார்த்துத் தரம் பிரித்த மூட்டை என்றால், வடக்கேயிருந்து வருகிற வியாபாரி சாக்கைப் பிரிக்காமலே மற்ற சரக்கைவிட ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். அந்தக் கண்களைத்தான் மகன் ராஜாராம் இப்போது விரலால் மூடிக்கொண்டிருந்தான். வலது கண் மூடியது. இடது கண், விலை படியாத சரக்கு மாதிரி பாதியில் நின்றது.

"விடு அப்பு, நான் மூடுறேன்" என்றாள் கருப்பம்மாள். இருபது வருஷமாகச் சுந்தரம்மாளின் கடையில் ஏலக்காய் பொறுக்குகிறவள். உள்ளங்கையை இமைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எடுத்தபோது கண் மூடியிருந்தது.

காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்து காய்த்தட்டு முன்னால் உட்கார்ந்த ஆத்தா, "நெஞ்சு என்னமோ பண்ணுதுடா" என்றாள். டாக்டர் செருப்பைக் கழற்றுவதற்குள் முடிந்துவிட்டது. கடைக்குப் பின்னாலேயே வீடு. தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியாயிற்று. சொந்தக்காரர்கள் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

ராஜாராமுக்கு அழுகை வந்தது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி நின்றது.

"கருப்பம்மாக்கா, நேத்து டிவி கடையில ஆத்தா ஒண்ணு சொல்லுச்சு."

கருப்பம்மாள் நிமிரவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் தராசும் லாரி புக்கிங்கும் ராஜாராம் பொறுப்பு. காயும் விலையும் ஆத்தா பொறுப்பு. முப்பத்தாறு வயதில், அவள் யோசனை கேட்காமல் அவளுக்கென்று அவன் வாங்கத் துணிந்த முதல் பொருள் அந்த டி.வி. மூன்று வாரமாக மொக்கச்சாமியின் டி.வி. கடைக்கு நடந்தான். பதினாலு அங்குலமா, இருபது அங்குலமா? வயசானவங்களுக்குப் பெரிசுதான் சௌகரியம் என்று மொக்கச்சாமி அடித்துச் சொன்னார். கலர் பெட்டிக்கு இரண்டு மடங்கு விலை. ஆகவே கறுப்பு வெள்ளை, இருபது அங்குலம், மரப்பெட்டி, இழுத்துச் சாத்துகிற கதவு. ஆத்தா வந்து பார்த்துச் சரி என்றால் முடிந்தது.

அவள் வந்தாள். பெட்டியைச் சுற்றித் தடவினாள். பக்கவாட்டில் விரல் மடக்கித் தட்டிக் காது கொடுத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தாள். திரையில் விவசாய நிகழ்ச்சி. ஆற்றுச் சத்தமும் நாற்று நடுகிற பெண்களின் பாட்டும் கேட்டன. ஆத்தா தலையாட்டினாள்.

"பச்சை நல்லா நிக்குது. இதையே எடு."

மொக்கச்சாமி வாயில் கையை வைத்துக்கொண்டார். ராஜாராமுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர்கள் சுதாரிப்பதற்குள் அவள் விலைக்குப் போய்விட்டாள். மூவாயிரத்து நானூறு சொன்ன பெட்டியை முந்நூறு குறைத்து, ஐநூறு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். வாசற்படியில் மட்டும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாசம் என்று நினைத்தான்.

"எத்தனை நாளா?" என்றான் இப்போது.

"ரெண்டு வருசம்" என்றாள் கருப்பம்மாள். "மதுரைக்குக் கோயிலுக்குப் போறோம்னு போனோமே, அது கோயில் இல்ல, கண்ணாஸ்பத்திரி. கண்ணுக்குள்ள அழுத்தமாம். போன பார்வை வராது, இருக்கதும் நிக்காதுன்டாக. ஆத்தா அந்த டாக்டருகிட்டயே பேரம் பேசுச்சு. ஒரு கண்ணையாச்சும் விட்டுக் குடுங்கன்னு."

"அப்ப காய்?"

"பருமன் வெரலுக்குத் தெரியும். நல்லாக் காஞ்சிருக்கான்னு காதுகிட்ட ஆட்டிப் பாக்கும். எண்ணெ இருக்கான்னு கடிச்சுப் பாக்கும். நெறம் ஒண்ணுதான் அதுக்கு ஆகல. அது என் சோலி." கருப்பம்மாள் பிணத்தின் முந்தானையைச் சரி செய்தாள். "காய் பச்சையா இருந்தா, 'ஆத்தா, காப்பி போடவா'ன்னு கேப்பேன். வெளுத்திருந்தா, 'தண்ணி கொண்டாரவா'ன்னு கேப்பேன்."

ராஜாராம் சுவரில் சாய்ந்தான். சுந்தரம்மாள் கடையில் காப்பி கிடைத்தால் முதல் தரம் என்பது குரங்கணியிலிருந்து தேவாரம் வரை எல்லாருக்கும் தெரியும். காய் கொண்டுவந்து காப்பி கிடைத்த சம்சாரி மீசையை நீவிக்கொண்டு ஊருக்குப் போவான். தண்ணீர் கிடைத்தவன், ஆத்தாவுக்கு என்ன கெத்து பாரு என்று சொல்லிக்கொண்டு போவான். இரண்டு வருஷமாக ஊரே அந்தக் காப்பியைக் குடித்திருக்கிறது, அவனும் குடித்திருக்கிறான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டேன் அப்பு. 'அவன் மூஞ்சி கண்ணாடிக் கிளாஸு, உள்ள இருக்கது வெளிய தெரியும், ஏவாரம் படுத்துரும்'னுச்சு."

தப்பில்லாத கணிப்பு. விஷயம் வெளியே போனால், கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்தவன் எல்லாம் திரும்பக் கேட்பான். தண்ணீர் குடித்தவன் எல்லாம் காப்பிக் காசு கேட்டு வருவான். அதையாவது கொடுத்துத் தொலைக்கலாம். குருட்டுப் பொம்பளை நம்மை ஏமாற்றினாள் என்று நாளைக்குப் பஜாரில் ஒருவன் சொல்வானே, அதற்கு எதைக் கொடுப்பது?

பதினோரு மணிக்கு வாசல் நிறைந்துவிட்டது. பந்தலடியில் பெஞ்சு போட்டு ஏலக்காய் வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உக்கிரபாண்டி. முப்பது வருஷம் சுந்தரம்மாளோடு போட்டி போட்டுத் தோற்றவர். அந்த உரிமையில் எல்லாரையும்விடப் பெரிய மாலை கொண்டு வந்திருந்தார்.

"எம்புட்டுச் சரக்கு பாத்திருப்பாக. ஒரு காய் தப்பினதில்ல" என்றார்.

மொக்கச்சாமி வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். துக்கத்திலும் நாலு பேர் கூடினால் அவருக்கு நாக்கு நிற்காது.

"நேத்து நம்ம கடைக்கு வந்திருந்தாகண்ணே. ஒரு கூத்தக் கேளுங்க. கறுப்பு வெள்ளை டிவியப் பாத்து, பச்சை நல்லா நிக்குதுன்டாக!"

யாரும் சிரிக்கவில்லை. உக்கிரபாண்டியின் தலை மெல்லத் திரும்பியது. மூட்டையின் அடியில் மட்டச் சரக்கு இருக்கிறது என்று மோப்பம் பிடித்தால் அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

"கறுப்பு வெள்ளையிலயா? அக்காவா சொன்னாக?"

வாசற்படியில் கருப்பம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றாள். ராஜாராமின் காது சூடாயிற்று. மூஞ்சி கண்ணாடிக் கிளாஸ் என்பது ஞாபகம் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்து முடித்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"மொக்கச்சாமிண்ணே, நாலு வருசமா கடை வச்சிருக்கீக. நக்கல் வெளங்கலையே உங்களுக்கு."

"என்ன மாப்ளே?"

"பச்சை நல்லா நிக்குதுன்டு ஆத்தா சொன்ன பெறகு, வெல என்னாச்சு?"

"முந்நூறு கொறச்சேன்."

"அதுக்கு முந்தி மூணு வாரமா நான் நடையா நடந்தேனே, மூணு ரூவா கொறச்சீகளா?"

"இல்லயே" என்றார் மொக்கச்சாமி.

"பச்சையே காட்டாத பொட்டிக்கு மூவாயிரத்து நானூறாடான்னு உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்திருக்கு எங்காத்தா. நீங்க அத ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியிறீக."

மொக்கச்சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமா! அதான் எனக்கு ஏதோ வெக்கமாப் போச்சு, கேட்டதக் குடுத்துட்டேன்!"

பெஞ்சு குலுங்கியது. உக்கிரபாண்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பு நின்றும் துடைத்துக்கொண்டே இருந்தார். "சாகுறதுக்கு மொத நாளும் ஒருத்தன உருட்டிட்டுத்தான் போயிருக்கு. அந்தக் கண்ணு இனி வராதுப்பா" என்றார்.

கருப்பம்மாள் படியிறங்கி ராஜாராமிடம் வந்தாள்.

"அப்பு, காப்பி போடவா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியத்தை அன்னக்கொடி சீறினாள். "கூறு இருக்காடி ஒனக்கு? கொள்ளி வைக்கிற பய எடுக்குற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கலாமா?"

"இல்லத்தே, தெரியாமக் கேட்டுட்டேன்" என்று கருப்பம்மாள் திரும்பிப் போனாள். ராஜாராம் குனிந்து வேட்டி நுனியை முடிந்தான், அவிழ்த்தான், மறுபடி முடிந்தான்.

மறுநாள் சுடுகாட்டில் காடாத்துச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மொக்கச்சாமி பில் புத்தகத்தோடு கடையில் காத்திருந்தார்.

"பெட்டி இனி எதுக்கு மாப்ளே? அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துர்றேன். எனக்கும் மனசாட்சி இருக்கு."

"வேணாண்ணே. பில்லப் போடுங்க."

"யாரு பேருக்கு?"

"கருப்பம்மாள்னு போடுங்க."

மொக்கச்சாமி பேனாவைத் தூக்கியபடி அவனைப் பார்த்தார். பிறகு மூலையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், எதையோ கூட்டிக் கழித்த மாதிரி மூடிக்கொண்டார். பேரை எழுதினார்.

"எனக்கு எதுக்கு அப்பு அதெல்லாம்?" என்றாள் கருப்பம்மாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுல கரண்டே கெடையாதே."

ராஜாராம் பில்லை வாங்கிப் பார்த்தான். டி.வி. ஒன்று, 3,100. வரவு, 500. பாக்கி, 2,600. மொக்கச்சாமியின் பேனாவைக் கேட்டு வாங்கி, பாக்கிக்குக் கீழே 'கரண்டு' என்று எழுதினான். தொகைக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டுப் பேனாவை மூடினான்.